விதையின் குணமும் வயலின் குணமும்

(பண்ணை நேயர்களுக்காக வேளாண்மை அலுவலர் ஒருவர் வானொலியில் ஆற்றிய உரை)



அறுவடை முடிந்த கையோடு ஊருக்கு ஊர் ஒரு வாக்குவாதம் நடப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே டெப்போவில், ஒரே நாளில், ஒரே அடுக்கிலிருந்து இரண்டு பேர் விதை நெல் வாங்கியிருப்பார்கள். ஒருவருக்குக் களம் நிறைந்திருக்கும். மற்றவருக்குப் போட்ட முதலே திரும்பியிருக்காது. "விதையிலேதான்யா கோளாறு" என்பார் நஷ்டப்பட்டவர். "விதையைச் சொல்லாதே அண்ணே, உன் வயலைப் பாரு" என்பார் பக்கத்து வயல்காரர். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இது வெறும் பேச்சோடு போனால் கவலையில்லை. விதைதான் குற்றவாளி என்று முடிவு கட்டியவர் அடுத்த போகத்தில் ரகத்தை மாற்றுவார். வயலில் இருக்கும் களரையோ, வடியாத தண்ணீரையோ திரும்பிப் பார்க்க மாட்டார். வயல்தான் குற்றவாளி என்று நினைத்தவர் உரத்தை அள்ளிக் கொட்டுவார். பட்டத்துக்குப் பொருந்தாத அதே ரகத்தை மறுபடியும் நாற்றங்காலில் தூவுவார். எப்படிப் பார்த்தாலும் போவது நம்முடைய பணம். ஆகவே ஒரு பயிரின் குணத்தில் விதையின் வேலை என்ன, வயலின் வேலை என்ன, இரண்டும் எப்படிச் சேருகின்றன என்பதை இன்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

"விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். முளைக்காது. நெல் போட்டால் நெல்தான் வரும். ஒவ்வொரு விதைக்குள்ளும், கண்ணுக்குத் தெரியாத அளவில், அந்தச் செடி எப்படி வளரவேண்டும் என்ற குறிப்புகள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத்தான் ஜீன் என்றும், தமிழில் மரபணு என்றும் சொல்கிறோம். தண்டின் உயரம், பூக்கும் காலம், மணியின் நீளம், நோய் தாங்கும் சக்தி எல்லாவற்றுக்கும் இந்தக் குறிப்புகள் உண்டு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பிள்ளைக்குப் போவது இவைதாம்.

ஆனால் குறிப்பு இருந்தால் மட்டும் போதுமா? வேலை நடக்க வேண்டாமா? எந்தக் குறிப்பு எப்போது, எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பது வெப்பம், வெளிச்சம், தண்ணீர், உணவு இவற்றைப் பொறுத்திருக்கிறது.

இமாலய முயல் என்று ஒரு வளர்ப்பு முயல் உண்டு. உடம்பு வெள்ளை; மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுப்பு. இதன் உடம்பு முழுவதும் இருப்பது ஒரே மரபணுதான். ஆனால் கறுப்பு நிறத்தை உண்டாக்கும் பொருள் குளிர்ச்சியான இடத்தில்தான் வேலை செய்யும். காதும் பாதமும் உடம்பைவிடக் குளிர்ந்திருப்பதால் அங்கே கறுப்பு. இந்த முயலின் முதுகில் கொஞ்சம் ரோமத்தை மழித்துவிட்டு, அந்த இடத்தில் பனிக்கட்டியை வைத்துக் கட்டினார்கள். திரும்ப முளைத்த ரோமம் கறுப்பாக வந்தது. மரபணு மாறவில்லை, குளிர்ச்சிதான் மாறியது.

தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகையான முட்டையிலிருந்துதான் வருகின்றன. முதல் இரண்டு மூன்று நாளைக்குப் பிறகு வேலைக்காரப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த சாதாரண உணவு. ராணியாக வேண்டிய புழுவுக்கு மட்டும் கடைசிவரை அரசக் கூழ். அந்தச் சாப்பாட்டு வித்தியாசத்தில் ஒன்று வருஷக்கணக்கில் உயிர் வாழ்ந்து முட்டை இடுகிறது. மற்றது சில வாரங்கள் உழைத்து ஓய்ந்துவிடுகிறது.

அப்படியானால் விதை பாதி, வயல் பாதி என்று பங்கு பிரித்துவிடலாமா? முடியாது. கிணற்றையும் மோட்டாரையும் நினைத்துப் பாருங்கள். ஊற்றில்லாத கிணற்றில் 10 குதிரைச் சக்தி மோட்டாரை இறக்கினால் என்ன கிடைக்கும்? காற்றுத்தான் வரும். தண்ணீர் ததும்பும் கிணற்றில் 3 குதிரைச் சக்தி மோட்டாரைப் போட்டால், அது இழுக்கிற அளவுதான் வரும். பாய்ந்த தண்ணீரில் இவ்வளவு கிணற்றால், இவ்வளவு மோட்டாரால் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? விதை மோட்டார் மாதிரி. வயல் கிணறு மாதிரி. எந்தக் கிணற்றுக்கு எந்த மோட்டார் என்பதுதான் கேள்வி.

நெல்லிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. இந்தோனேசியாவின் பீட்டா என்ற உயரமான ரகத்தையும், தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை ரகத்தையும் சேர்த்து உண்டாக்கியது அது. பீட்டா மாதிரியான நெட்டை ரகங்களுக்குத் தழைச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பயிர் தளதளவென்று ஆள் உயரம் போகும். கதிர் வாங்கியதும் ஒரு காற்றுக்கு அப்படியே சாய்ந்துவிடும். உரம் போடப் போட விளைச்சல் குறையும். ஐ.ஆர்.8இன் தண்டு குட்டை, சாயாது. நிலையத்தின் வயல்களில் அது உரமில்லாமல் ஹெக்டேருக்குச் சுமார் 5 டன் கொடுத்தது. நல்ல உரமும் பராமரிப்பும் கிடைத்தபோது கிட்டத்தட்ட 10 டன் கொடுத்தது.

அந்தக் குட்டைத் தன்மைக்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 2002இல் அடையாளம் கண்டார்கள். தண்டை நீட்டும் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சிப் பொருளைத் தயாரிக்க உதவும் மரபணு அது. குட்டை ரகத்தில் அது சரியாக வேலை செய்வதில்லை. யோசித்துப் பாருங்கள். வேலை செய்யாத ஒரு மரபணு, உரமும் தண்ணீரும் நிறைந்த வயலில் பெரிய வரமாகிவிட்டது! அதே குட்டைப் பயிரை வெள்ளம் ஏறி நிற்கும் பள்ளக்காலில் நட்டால் தலை வெளியே தெரியாமல் மூழ்கிப்போகும். ஒரு வயலில் வரம், இன்னொரு வயலில் சாபம். ஆகவே ஒரு குணத்தை நல்லது, கெட்டது என்று வயலைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

அடுத்தது பட்டம். நம் பழைய சம்பா ரகங்களில் பலவும் நாள் கணக்குப் பார்த்துப் பூப்பதில்லை. பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பகல் சுருங்கி இரவு நீளும்போது, "இனிப் பூக்கலாம்" என்ற குறிப்பு அந்தச் செடிக்குள் வேலை செய்யத் தொடங்கும். அதே விதையைச் சித்திரையில் விதைத்தால், செடி மாதக்கணக்கில் இலையாகவே வளர்ந்துகொண்டு, பகல் சுருங்கும் காலம்வரை காத்திருக்கும். வயல் அவ்வளவு நாளும் அடைபட்டுப் போகும். மிகவும் பிந்தி விதைத்தாலோ, தூர் கட்டி முடியும் முன்பே பூக்கச் சொல்லி அழைப்பு வந்துவிடும், கதிர் சிறுத்துப்போகும். குறுவைக்கு என்று வந்திருக்கும் குறுகிய கால ரகங்களுக்குப் பகல் நீளம் அவ்வளவு முக்கியமில்லை. வயது நிறைந்தால் பூக்கும். இது தெரியாமல், "போன தடவை அமோகமாக விளைந்த ரகம்தானே" என்று பட்டம் மாற்றிப் போட்டுவிட்டு, விதையை நொந்து என்ன பயன்? விதை தன் குணத்தைத்தான் காட்டியிருக்கிறது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. பயிர் முழுதும் மூழ்கினால் சாதாரண ரகம் என்ன செய்யும்? மூச்சுக்காகத் தண்ணீருக்கு மேலே வரப் பார்த்து, அவசர அவசரமாக நீளும். கையிலிருக்கும் சேமிப்பையெல்லாம் அதிலேயே செலவழித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் நிற்கச் சக்தியில்லாமல் சரிந்துவிடும். ஒடிசாவின் பழைய நெல் வகை ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சேமிப்பைக் கட்டிக்காத்து, தண்ணீர் வடிந்ததும் புதுத் துளிர் விட்டது. இதற்குக் காரணமான சப்-1 என்ற மரபணுவின் விவரத்தை 2006இல் கண்டுபிடித்தார்கள். அதைச் சேர்த்து உண்டாக்கிய சுவர்ணா சப்-1 ரகம் 2009இல் இந்தியாவில் வெளியானது. நம் டெல்டாவில் பலருக்கும் தெரிந்த சி.ஆர்.1009 ரகத்திலும் இதைச் சேர்த்து, சி.ஆர்.1009 சப்-1 என்று கொடுத்திருக்கிறார்கள். தூர் கட்டும் பருவத்தில் சுமார் இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் பெரும்பகுதி பயிர் பிழைத்துக்கொள்ளும்.

இங்கேயும் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேட்டு வயலில், தண்ணீரே ஏறாத இடத்தில் சப்-1 மரபணுவுக்கு வேலையே இல்லை. பயிர் தாய் ரகம் மாதிரியேதான் விளையும். இன்னொன்று, மாதக்கணக்கில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு எத்தனை நாள் காத்திருக்க முடியும்? வங்காளம் போன்ற பகுதிகளின் ஆழ்நீர் நெல் ரகங்கள் இதற்கு நேர்மாறாக, தண்ணீர் ஏற ஏறத் தாமும் நீண்டு பிழைக்கின்றன. வந்து வடியும் வெள்ளத்துக்கு அடங்கியிருப்பவன் கெட்டிக்காரன். வந்து தங்கும் வெள்ளத்துக்கு எழும்புகிறவன் கெட்டிக்காரன். உங்கள் வயலில் வருவது எந்த வெள்ளம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

களர் நிலத்திலும் இதே கதைதான். திருச்சியிலிருந்து வந்திருக்கும் டி.ஆர்.ஒய். ரகங்கள் களரைத் தாங்கக்கூடியவை. நல்ல வண்டலில் அவற்றைவிடக் கூடுதலாக விளையும் ரகங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த ரகங்களைக் களரில் கொண்டுபோய் நட்டால் இலை கருகி நிற்கும், அங்கே டி.ஆர்.ஒய். முந்திக்கொள்ளும். கால்நடையிலும் அப்படித்தான். குளிர்ந்த சீமையின் ஹோல்ஸ்டீன் மாடு பசுந்தீவனமும் அடர்தீவனமும் குளிர்ச்சியும் இருந்தால் குடம் குடமாகக் கறக்கும். நம் ஊர் வெயிலில் வெறும் வைக்கோலைப் போட்டுக் கட்டினால் கறவையும் போகும், மாடும் இளைக்கும். காங்கேயமும் உம்பளச்சேரியும் பாலில் போட்டி போடாது. ஆனால் அந்த வெயிலிலும் அந்தத் தீவனத்திலும் ஏரும் வண்டியும் இழுத்து நிற்கும். முந்துவது யார், பிந்துவது யார் என்பது இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது.

இனி, சொந்த விதை எடுப்பவர்கள் முக்கியமாகக் கேட்கவேண்டிய விஷயம்.

டென்மார்க் நாட்டில் ஜோஹான்சன் என்ற விஞ்ஞானி பீன்ஸ் விதைகளை வைத்து ஒரு சோதனை செய்து 1903இல் வெளியிட்டார். ஒரே செடியின் வழியில் வந்த விதைகளைப் பெரியது, சிறியது என்று பிரித்துத் தனித்தனியாக விதைத்தார். பெரிய விதையின் மகசூலில் பெரிய மணியும், சிறிய விதையின் மகசூலில் சிறிய மணியும் வரும் என்றுதானே நினைப்போம்? வரவில்லை. இரண்டிலும் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பார்த்தும் மாறவில்லை. அந்த விதைகள் பெருத்ததும் சிறுத்ததும் நெற்றில் கிடைத்த இடத்தாலும் ஊட்டத்தாலும் வந்த வித்தியாசம். அது பிள்ளைக்குப் போகாது. ஜீன் என்ற பெயரை 1909இல் வைத்தவரும் இவர்தான்.

இதிலே நமக்கு என்ன பாடம்? தென்னையில் தாய்மரம் தேர்ந்தெடுக்கும்போது, கிணற்றடியிலும், மாட்டுத் தொழுவத்தின் ஓரத்திலும், எருக்குழிப் பக்கத்திலும் நிற்கும் மரத்தை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அந்த மரத்தில் குலை தள்ளுவது மரத்தின் குணமா, எருக்குழியின் தயவா என்று யார் சொல்ல முடியும்? தேங்காயோடு எருக்குழி கூட வராது! மற்ற மரங்களோடு சேர்ந்து தோப்பின் நடுவே நின்று, அதே தண்ணீரும் அதே உரமும் வாங்கிக்கொண்டு, வருஷா வருஷம் தவறாமல் 100 காய்க்கு மேல் கொடுக்கும் 25 முதல் 40 வயது நெட்டை மரத்தைப் பாருங்கள். அதன் காய்ப்பில் அதன் சொந்தக் குணத்துக்குப் பங்கு அதிகம் என்று நம்பலாம். நெட்டை மரத்துக்கு மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்துதான் வரும் என்பதால், சுற்றியுள்ள மரங்களும் நன்றாகக் காய்ப்பவையாக இருக்கவேண்டும். நாற்றிலும் வீரியமானதைப் பொறுக்க வேண்டும். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர 6 முதல் 8 வருஷம் ஆகும். தப்பைக் கண்டுபிடிக்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

நெல்லிலும் அதேபோலத்தான். வரப்போரத்துப் பயிருக்கு வெளிச்சமும் இடமும் அதிகம். அதனால் கதிர் பெருத்திருக்கும். அதைப் பார்த்து மயங்கி விதைக்கு அறுக்க வேண்டாம். வயலின் நடுவில், ஒரே சீரான இடத்தில் விதைக்கு ஒதுக்குங்கள். "அப்படியானால் திரட்சியான விதையைப் பொறுக்குவது வீணா?" என்று கேட்பீர்கள். வீணில்லை. உப்புக் கரைசலில் போட்டுப் பதரை நீக்கி எடுத்த கனமான விதை நல்ல நாற்றைக் கொடுக்கும். அது நல்ல தொடக்கம். ரகத்தின் குணத்தை அது மாற்றாது. அவ்வளவுதான்.

சரி, பயிர் சரியில்லாமல் நிற்கிறது. குற்றம் விதையிலா, வயலிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரப்பில் நின்றபடி சொல்ல முடியாது. உள்ளே இறங்கி நடந்து பாருங்கள்.

கோளாறு திட்டுத் திட்டாக இருக்கிறதா? பள்ளத்தில் மட்டும், மடை வாயில் மட்டும், களர் பூத்த இடத்தில் மட்டும் பயிர் மஞ்சளித்து, கட்டையாக நிற்கிறதா? அது பெரும்பாலும் வயலின் வேலை. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், வடிகாலைப் பாருங்கள். நாங்கள் பார்த்தவரையில் துத்தநாகச் சத்துக் குறைவுக்கு விதையைத் திட்டியவர்கள் நிறையப் பேர்.

கோளாறு வயல் முழுக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கிறதா? ஒரே குத்துப் பக்கத்தில் ஒரு செடி உயரமாக, முன்னதாகப் பூத்து, மணி வேறு நிறத்தில் இருக்க, அடுத்த செடி ஒழுங்காக இருக்கிறதா? ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே உரம். ஆனால் செடி வேறு. அங்கே விதையில் கலப்பு என்றுதான் சந்தேகப்பட வேண்டும். கலவன்களைப் பிடுங்குங்கள். விதைப்பையில் இருந்த நீல நிறச் சான்று அட்டையையும் பில்லையும் பத்திரமாக வைத்திருந்தால்தான் நியாயம் கேட்க வழி உண்டு. வீரிய ஒட்டு ரக மகசூலிலிருந்து எடுத்து விதைத்தாலும் இப்படித்தான் பல உயரத்தில், பல குணத்தில் செடி வரும். அங்கே மரபணுவே பிரிந்து போய்விட்டது. எவ்வளவு எரு போட்டும் சேர்க்க முடியாது.

வயல் முழுவதும் ஒரே சீராக இருக்கிறது, ஆனால் விளைச்சல் மட்டும் இல்லையா? அதே லாட் விதையை வாங்கியவர்களின் வயலைப் போய்ப் பாருங்கள். எல்லோருக்கும் அப்படியென்றால் ஒரு வகை. உங்களுக்கு மட்டும் என்றால் வேறு வகை.

கடைசியாக, புது ரகம் வாங்கும்போது. "ஏக்கருக்கு இத்தனை மூட்டை" என்று நோட்டீசில் இருக்கும். அந்த எண்ணிக்கை எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில், எவ்வளவு தண்ணீரில் வந்தது என்று கேளுங்கள். ஒரு ரகத்தை வெளியிடும் முன்பு ஆராய்ச்சி நிலையத்தோடு நிறுத்திவிடாமல், பல மாவட்டங்களில், விவசாயிகள் வயலிலும் போட்டுப் பார்ப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். ஓரிடத்தில் முதலாவது வந்த ரகம் இன்னோரிடத்தில் கடைசிக்குப் போவதுண்டு. எல்லா இடத்திலும் சுமாராக, ஆனால் தவறாமல் விளையும் ரகமும் உண்டு. ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவருக்கு அதுவே நல்ல ரகம்.

அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். புது ரகத்தை முதல் வருஷமே ஐந்து ஏக்கரிலும் போட வேண்டாம். ஒரே மண்ணுள்ள இடத்தில் 10 சென்ட் புது ரகம், பக்கத்திலேயே 10 சென்ட் பழைய ரகம். இரண்டுக்கும் ஒரே நாளில் நடவு, ஒரே உரம், ஒரே தண்ணீர். புதியது என்பதற்காக அதற்கு மட்டும் ஒரு கை கூடுதலாகப் போட்டுவிட்டால் சோதனை பாழ். தனித்தனியாக அறுத்து, எடை போட்டு, நோட்டில் எழுதுங்கள். ஒரு வருஷ மழையை நம்ப முடியாது. இரண்டு வருஷம் பாருங்கள். உங்கள் நோட்டில் எழுதியிருக்கும் அந்த இரண்டு எண்களுக்கு, எந்த நோட்டீசையும்விட மதிப்பு அதிகம்.

ஆகவே, "எது நல்ல ரகம்?" என்று கேட்பதைக் கொஞ்சம் மாற்றி, "என் மண்ணுக்கு, என் பட்டத்துக்கு, என் தண்ணீருக்கு எது பொருந்தும்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் எங்களாலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். வரும்போது மண் பரிசோதனைச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.